சிறு வண்டிக்குச் சிக்கன விளக்கு

நம் சங்கத்தின் மாத இதழில் கலைவிழாச் செய்தியும், குழந்தைகளின் தேர்வு வெற்றியும், பண்டிகைப் பலகாரமும் இடம்பெறுவது வழக்கம். இவற்றிடையே வண்டி விளக்கைப் பற்றி ஒருவன் எழுதப் புகுந்தால், ‘இவனுக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையோ?’ என்று அன்பர்கள் எண்ணக்கூடும். ஆயினும், பிழைப்பை நாடி வடக்கே வந்த நம் குடும்பங்களில் ஒரு பிக்கப் வண்டியையோ பழைய லாரியையோ நம்பி அடுப்பெரியும் வீடுகள் எத்தனை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவ்வீட்டுப் பெண்மணிகள் இரவு பதினோரு மணிக்கு வாசலைப் பார்த்துக் காத்திருப்பதையும் அறிவீர்கள். அவர்களை மனத்திற் கொண்டே இதை எழுதலானேன்.

நான் மோட்டார்த் தொழில் கற்றவன் அல்லேன். மெட்ரிக் தேறி, நாகபுரியில் ரயில்வே சரக்குப் பிரிவில் எழுத்தனாக இருப்பவன். எடைச்சீட்டும் டெமரேஜ் கணக்கும் எழுதிப் பழகிய கைக்கு ஸ்பானர் பிடிக்கும் அவசியம் நேர்ந்தது என் மைத்துனனால். நாமக்கல் பக்கத்துப் பிள்ளை. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் லாரியில் உதவியாளனாகச் சில ஆண்டுகள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் எங்கும் சுற்றினான். பின்னர், ‘இனி ஊர் ஊராக அலைய வேண்டாம்’ என்று எங்கள் வீட்டில் வந்து தங்கி, கடன் வாங்கி ஒரு பழைய பிக்கப் வண்டி எடுத்தான். முன்பணத்துக்கு என் மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக்குச் சென்றன. ஆகவே அவ்வண்டியின் நலமே எங்கள் வீட்டின் நலமாயிற்று.

நாகபுரிக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் காட்டோல் என்னும் ஊர் உள்ளது. அதைச் சுற்றிலும் ஆரஞ்சுத் தோட்டங்கள். இங்குள்ளோர் சந்த்ரா என்பர். நம்மவர் கமலா ஆரஞ்சு என்பர். ஆண்டில் இரு பருவம். அம்பியா பஹார் என்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் அறுவடையாகும். மிருக் பஹார் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில். பகலெல்லாம் காய் பறித்துத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவர். வண்டியில் ஏற்றும்போது இருட்டிவிடும். விடியுமுன் சரக்கு நாகபுரிக் களம்னா சந்தையில் இறங்கியாக வேண்டும். தார்ச்சாலை வரையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கரிசல் மண் பாதை. கோவில்பட்டிச் சீமையில் வாழ்ந்தவர்க்குக் கரிசல் மண்ணின் குணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் வழுக்கல். போதாக்குறைக்குப் பாதையின் குறுக்கே வாய்க்கால்.

முதல் பருவத்திலேயே ஓரிரவு முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. ஐம்பது பெட்டிகளில் பதினெட்டு சரிந்து நசுங்கின. டிராக்டர் கொண்டு இழுப்பதற்குள் சந்தை நேரமும் போயிற்று. நசுங்கிய பழத்துக்குத் தோட்டக்காரர் கணக்கில் பிடித்துக்கொண்டார், அவர்மேல் குறையில்லை. வண்டியின் சொந்த விளக்கு தார்ச்சாலைக்காகச் செய்யப்பட்டது. அது தூரத்தைக் காட்டுமேயன்றிச் சக்கரத்துக்கு முன்னே பத்தடியில் இருக்கும் பள்ளத்தையும், வளைவில் பக்கவாட்டில் இருக்கும் வாய்க்காலையும் காட்டாது.

‘மாமா, கூடுதல் விளக்குப் போட்டே ஆகணும்’ என்றான். கடைத்தெருவில் விசாரித்ததில், கூரைமேல் வைக்கும் நீண்ட பட்டை விளக்குக்குக் கூலியுடன் எட்டாயிரம் ரூபாய் கேட்டனர். எட்டாயிரத்துக்கு எங்கே போவது? சாலையோரப் பட்டறை ஒன்றில், பழைய லாரியிலிருந்து கழற்றிய இரண்டு ஹாலஜன் விளக்குகளை அறுநூறு ரூபாய்க்குப் பொருத்திக்கொண்டு வந்துவிட்டான். எனக்கும் மகிழ்ச்சியே. மலிவாக முடிந்ததே என்று நானும் பாராட்டினேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று வாரம் சென்றது. ஒரு நாள் தோட்டத்துப் பாதையில் ரப்பர் கருகும் நாற்றம். டேஷ்போர்டின் அடியிலிருந்து புகை. இவன் ரிக் வண்டியில் பழகியவனாதலால் ஓடிவந்து பானெட்டைத் திறந்து பாட்டரியின் முனையைப் பிடுங்கி எறிந்தான். வண்டி தப்பியது, விரலில் கொப்புளம். மறுநாள் பிரித்துப் பார்த்தோம். பட்டறைக்காரர் பாட்டரியிலிருந்து மெல்லிய வயரை நேராக இழுத்து, தகரத்தில் ஓட்டையிட்டு, ஓட்டைக்கு ரப்பர் வளையமும் இடாமல் உள்ளே நுழைத்திருந்தார். வண்டியின் அதிர்வில் தகரத்தின் விளிம்பு வயரின் தோலை நாள்தோறும் அறுத்து, செம்பு தகரத்தைத் தொட்டுவிட்டது. வழியில் ஃப்யூஸ் கிடையாது. வண்டியை எழுப்பும் பாட்டரி குறுக்குத் தொடர்பு ஏற்பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைக் கொட்டும். மெல்லிய வயர் அடுப்புக் கம்பி போல் சிவந்துவிடும். ஐம்பது ரூபாய் ஃப்யூஸ் பெட்டி இல்லாமையால் வளையலும் வண்டியும் ஆளும் போயிருக்க வேண்டியது.

அன்றுதான் இவ்வேலையை நாங்களே கற்றுச் செய்வதென்று முடிவு செய்தோம். கற்றுக்கொடுத்தவர் மைத்துனனின் பழைய ரிக் வண்டி மேஸ்திரி. அந்த ரிக் அப்போது நாகபுரிக்கு அருகே கிணறு தோண்டிக்கொண்டிருந்தது. துளையிடும் லாரி ஒன்று, கம்ப்ரஸர் ஏற்றிய லாரி ஒன்று. இரவெல்லாம் வயற்காட்டில் வேலை. விளக்கில்லாமல் இவர்களுக்கு ஒரு நாளும் செல்லாது. தேநீரும் முறுக்கும் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை அவரை எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அழைத்துவந்தோம்.

அவர் முதலில் கேட்ட கேள்வி, ‘வண்டி பன்னிரண்டா, இருபத்து நாலா?’ என்பது. அஃதாவது, சிறு பிக்கப் வண்டியின் மின்னழுத்தம் 12 வோல்ட். பெரிய லாரியினுடையது 24 வோல்ட். ஹாலஜன் பல்பு இதில் விட்டுக்கொடுக்காது. 24 வோல்ட் பல்பை 12 வோல்ட்டில் இட்டால் மங்கலாக எரியும். 12 வோல்ட் பல்பை 24-இல் இட்டால் உடனே போய்விடும். எங்கள் பழைய விளக்குகள் மங்கலாயிருந்த காரணம் இதுவோ என்று பார்த்தோம், அன்று. வயர் மெலிந்திருந்ததே காரணம். ஹாலஜன் பல்பு வழியில் ஒரு வோல்ட்டை இழந்தால், அதாவது 12-க்குப் பதில் 11 பெற்றால், அதன் ஒளியில் ஏறக்குறையக் கால் பங்கு குறைந்துவிடும். பலர் விளக்கைக் குறை கூறிப் பெரிய விளக்கு வாங்குகின்றனர்; குற்றம் வயரில் இருக்கிறது.

அடுத்து அவர் போட்ட கணக்கு சரக்கு எழுத்தனுக்கு நன்கு விளங்கியது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 55 வாட் ஹாலஜன் இரண்டு 110 வாட். 12-ஆல் வகுக்க, ஒன்பது ஆம்பியருக்குச் சற்று மேல். தோட்டத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு நான்கு மணி நேரம் சரக்கு ஏற்றினால் 36 ஆம்பியர்-மணிக்கு மேல் செலவு. எங்கள் சிறு பாட்டரிக்கு அது தாங்காது; பிறகு வண்டியைத் தள்ளித்தான் எழுப்ப வேண்டும். எல்.இ.டி. விளக்கு 18 வாட் வீதம் மூன்று போட்டாலும் மொத்தம் 54 வாட், நாலரை ஆம்பியர். ஒளியோ ஹாலஜனுக்குக் குறையாது. வெள்ளை எல்.இ.டி.க்கு மூலமான நீல எல்.இ.டி.யைக் கண்ட அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்ததைப் பள்ளி செல்லும் பிள்ளைகள் அறிந்திருப்பர். அப்பரிசின் பயன் காட்டோல் வாய்க்கால் வரை வந்து சேர்ந்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அட்டைப் பெட்டியின்மேல் அச்சிட்ட லூமன் எண்ணை நம்பலாகாது. 18 வாட் விளக்குக்குப் பத்தாயிரம் லூமன் என்று எழுதியிருந்ததைக் கடையில் கண்டோம். அது நடவாத காரியம். மாறாக, விளக்கைக் கையில் எடுத்து எடை பாருங்கள். பின்புறத்தில் வெப்பம் போக்கும் அலுமினியத் தகட்டு வரிசை கனமாக இருக்கிறதா? கண்ணாடி ஓரத்தில் ரப்பர் சரியாகப் படிந்திருக்கிறதா? ஐ.பி. 67 என்ற குறி இருந்தால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி கிடந்தாலும் நீர் இறங்காது என்பது பொருள். குறி மட்டும் இருந்து ரப்பர் இல்லாத சரக்கும் உண்டு. ஆதலால் கண்ணால் பார்ப்பதே மேல். 10 முதல் 30 வோல்ட் வரையில் என்று எழுதிய விளக்காயின் சிறு வண்டிக்கும் லாரிக்கும் பொதுவாகும். நாளை வண்டி மாற்றினாலும் கழற்றிக்கொள்ளலாம்.

எங்கே பொருத்துவது என்பதில் மைத்துனனுக்கும் மேஸ்திரிக்கும் சிறிது வாக்குவாதம் நேர்ந்தது. இவனுக்குக் கூரைமேல் வைக்க ஆசை. பார்ப்பதற்கு அழகு என்பது இவன் கட்சி. மேஸ்திரி வாதிடவில்லை, ஒரு டார்ச்சு விளக்கைக் கேட்டு வாங்கினார். எங்கள் முற்றத்து மண்ணில் காலால் ஒரு பள்ளம் பறித்தார். டார்ச்சைத் தலைக்குமேல் பிடித்து அடித்தபோது பள்ளமும் தரையும் ஒன்றாகவே தெரிந்தன. முழங்கால் உயரத்தில் தாழ்த்திப் பிடித்தபோது பள்ளத்தின் விளிம்பு நிழல் விழுந்து கறுப்பாகக் கண்ணில் பட்டது. ‘இப்பச் சொல்லு தம்பி’ என்றார். இவன் வாய் திறக்கவில்லை. உயரத்து விளக்கு தரையைச் சமமாக்கிக் காட்டும். தாழ்ந்த விளக்கு மேடு பள்ளத்தை நிழலால் காட்டும். மேலும் கூரை விளக்கின் ஒளி பானெட்டின்மேல் பட்டு ஓட்டுபவன் கண்ணையே கூசச் செய்யும். தூசியும் பனிமூட்டமும் உள்ள இரவில் வெண்திரை கட்டியது போலாகும். உயரத்தில் வைக்கத்தக்கது வேலை செய்யும் இடத்துக்கான விளக்கே. ஆகவே முன்பம்பரில் இரண்டு, சரக்குத் தட்டின் முன்சட்டத்தில் பின்னோக்கி ஒன்று என்று முடிவாயிற்று.

நிற்க. வேலையைச் செய்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றினோம். நேர்முனையை முதலிற் கழற்றினால் ஸ்பானர் வண்டியின் உடலைத் தொட்டதும் தீப்பொறி பறக்கும். பம்பரில் ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளையே பயன்படுத்தி, காயலான் கடையில் வாங்கிய எல் வடிவ இரும்பில் இரண்டு தாங்கி செய்வித்தோம். வெல்டிங் வேலையை வண்டிக்கு வெளியிலேயே முடித்தோம். சேஸிஸில் துளையிடுவதும் அதன்மேல் வெல்டிங் செய்வதும் வண்டியின் முதுகெலும்பில் கைவைப்பதாகும். எவ்வளவு சிறு வேலையாயினும் கூடாது. அதிர்வில் மரை கழலாதிருக்க ஸ்பிரிங் வாஷர் இட்டோம்.

பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் ஃப்யூஸ். இதில் தூரம் முக்கியம். ஃப்யூஸ் விளக்கைக் காப்பதற்கன்று, வயரைக் காப்பதற்கு. பாட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையிலுள்ள வயருக்குக் காவல் இல்லை. ஆதலால் அந்தத் துண்டு எவ்வளவு குறுகினால் அவ்வளவு நலம். நாலரை ஆம்பியர் சுமைக்கு 1½ சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 10 ஆம்பியர் ஃப்யூஸும் போதும். ஃப்யூஸ் போனால் பெரிய ஃப்யூஸ் போடுவோரும், சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றுவோரும் நம்மில் உண்டு. அது காவற்காரனை உறங்கச் சொல்வதாகும்.

பின்னர் ரிலே. சுவிட்சின் வழியாக வரும் மிகச் சிறிய மின்னோட்டம் உள்ளேயிருக்கும் கம்பிச் சுருளைக் காந்தமாக்க, அக்காந்தம் பெரிய மின்னோட்டத்தின் வழியை இணைக்கும். எங்கள் ரயில்வே சிக்னல் அறைகளில் வரிசை வரிசையாக ‘டக், டக்’ என்று ஓசையிடுவதும் இவ்வகைப்பட்டதே. வண்டி ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 30-க்கு ஃப்யூஸிலிருந்து வரும் வயர், 87-லிருந்து விளக்குக்கு, 86-க்குச் சுவிட்சிலிருந்து, 85 வண்டியின் உடலுக்கு. முன்விளக்கு இரண்டின் மூன்று ஆம்பியருக்கு ரிலே கட்டாயமன்று என்பது உண்மைதான். ஆயினும் பாட்டரியிலிருந்து வரும் பெரு வயரை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவராமல் தவிர்க்கலாம். ஒருமுறை புகையைக் கண்ட எங்களுக்கு அது பெரிதாகப்பட்டது. சுவிட்சுக்கு மின்சாரத்தைப் பார்க்கிங் விளக்கின் வயரிலிருந்து எடுத்தோம். பார்க்கிங் விளக்கை அணைத்தால் இவையும் அணையும். மறதியால் பாட்டரி வற்றாது. பின்விளக்கு ஒன்றரை ஆம்பியரே ஆதலால் அதற்குத் தனிச் சுவிட்ச் மட்டும். அதையும் அதே ஃப்யூஸுக்குப் பின்னிருந்தே எடுத்தோம்.

வயர் தகரத்தைக் கடக்கும் ஒவ்வோரிடத்திலும் ரப்பர் வளையம், மற்ற இடமெல்லாம் நெளிவுக் குழாய், எஞ்சினின் சூட்டுக் குழாயிலிருந்து ஒரு கை விலகல். விளக்கின் எதிர்வயரை இணைக்குமிடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பைக் கண்ட பிறகே போல்ட் முடுக்கினோம். பெயிண்டின்மேல் முடுக்கிவிட்டு, விளக்குச் சிமிட்டுகிறதென்று கடைக்காரரோடு சண்டையிடுவோர் பலர்.

செலவுக் கணக்கு: விளக்கு மூன்று 1,350, ரிலேயும் அதன் கூடும் 160, ஃப்யூஸ் பெட்டியும் உபரி ஃப்யூஸும் 60, வயர் பன்னிரண்டு மீட்டர் 300, குழாய், வளையம், லக் முதலியன 180, சுவிட்ச் இரண்டு 120, டேஷ்போர்டில் சிவப்புக் குறிவிளக்கு 30, தாங்கிகளும் வெல்டிங் கூலியும் 250. ஆக 2,450 ரூபாய். மேஸ்திரி கூலி வாங்க மறுத்துவிட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் இருந்தார்.

மாலையில் குவார்ட்டர்ஸ் சுவரெதிரே வண்டியை இருபத்தைந்தடி தள்ளி நிறுத்தி, விளக்கின் உயரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டு, ஒளியின் மையம் கோட்டுக்கு நன்கு கீழே விழுமாறு திருகினோம். மைத்துனன் அன்றிரவே தோட்டத்துக்குப் போய்வந்து, வாய்க்கால் பட்டப்பகல் போலத் தெரிந்ததென்றான்.

இத்துடன் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் இரண்டு மாதம் கழிந்து நடந்த ஒன்றை மறைத்தால் இதை எழுதியதில் நேர்மையில்லை.

தோட்டப் பாதை முடிந்து தார்ச்சாலையில் ஏறும்போது விளக்கை அணைக்க இவன் மறந்தான். எதிரே மோட்டார் சைக்கிளில் ஒருவர், பின்னால் மனைவி, நடுவில் குழந்தை. ஏற்றத்தில் ஏறிய எங்கள் வண்டியின் ஒளி நேரே அவர் முகத்தில் அடித்தது. அவர் சாலையை விட்டு இறங்கிச் சரிந்தார். தெய்வாதீனமாகப் புல்தரை. குழந்தைக்கு ஒன்றுமில்லை, அம்மையாருக்கு முழங்கையில் ஆழ்ந்த சிராய்ப்பு. இவன் இறங்கி ஓடித் தூக்கிவிட்டு, தன் வண்டியிலேயே டாக்டரிடம் அழைத்துச் சென்று, விடியற்காலை வீடு வந்தான். ‘மாமா, அந்த ஆள் என்னைத் திட்டவே இல்லை. கண்ணு தெரியலைங்கன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தார்’ என்றான். அன்று முழுவதும் அவன் உணவு கொள்ளவில்லை.

கூசிய கண் பழைய நிலைக்குத் திரும்பச் சில வினாடி ஆகும். வயது ஏற ஏற இன்னும் கூடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறார். மூன்று வினாடி குருடானால் 42 மீட்டர். எங்கள் சரக்கு ரயிலின் வேகன் மூன்றின் நீளத்துக்கு மேல்.

நான் வெட்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. ரயில்வேயின் பொது விதிகளில், இரட்டைப் பாதையில் எதிரே ரயில் வரும்போதும், நிலையத்தில் நிற்கும்போதும் எஞ்சினின் முன்விளக்கை மங்கலாக்க வேண்டுமென்பது விதி. தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின் வழி தவறப் போவதில்லை. எனினும் எதிர்வருபவர் கண்ணை மதிக்கிறது. அத்துறையில் உப்பைத் தின்னும் நான், சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டதோடு என் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன்.

பிறகுதான் சட்டத்தையும் பார்த்தேன். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-ஆம் விதி, வண்டியின் முன்பக்கத்தில் ஸ்பாட் விளக்கோ தேடுவிளக்கோ பொருத்தலாகாது என்றும், விசேஷ நிலைமையில் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்றும் கூறுகிறது. வண்டியின் அமைப்பை மாற்றுவதைப் பற்றி 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தனியே பேசுகிறது. ஆகவே நாங்கள் செய்ததன் வரிசையே தவறு. விளக்கு வாங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்க வேண்டும். முன்விளக்கு இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, தோட்ட வேலையின் தன்மையை விளக்கி மைத்துனன் விண்ணப்பம் கொடுத்தான். விண்ணப்பத்தை எழுதியவன் நான். அந்த ஒரு வேலையாவது எனக்குக் கைவந்தது. எழுத்து மூலமான அனுமதி வந்த பிறகே அவை மீண்டும் பம்பரில் ஏறின. பின்னோக்கிய வெள்ளை விளக்கும் சாலையில் எரியலாகாது. அது வண்டி நிற்கும்போது மட்டும்.

மறதிக்கு அனுமதிச் சீட்டு மருந்தாகாது அல்லவா? டேஷ்போர்டில் முன்பே வைத்த சிவப்புக் குறிவிளக்கு, கண்ணுக்குப் பழகிப் போனதால் பயன்படவில்லை. ஆகையால் என் மனைவி பழைய ரெக்ஸின் பையை வெட்டி, வாயில் எலாஸ்டிக் தைத்து, விளக்குக்கு ஒன்றாகக் கறுப்பு உறை மூன்று செய்துகொடுத்தாள். மூன்றும் ஒரே கயிற்றில் கோத்தவை. கழற்றிய உறைகள் ஸ்டியரிங்கில்தான் தொங்க வேண்டும் என்பது அவள் இட்ட விதி. ஸ்டியரிங்கில் உறை தொங்கிக்கொண்டிருந்தால் வண்டியைத் திருப்ப வராது. தோட்டப் பாதையில் தோளில் மாட்டிக்கொண்டு மெல்ல ஓட்டுகிறான். தார்ச்சாலை வந்ததும் இறங்கி, சுவிட்சை அணைத்து, மூன்று உறையையும் மாட்டிவிட்டே மேலே ஏறுகிறான். இதற்கு ஒரு நிமிஷம் பிடிக்கிறது. உறைத்துணி வகையில் செலவு இல்லை. எலாஸ்டிக் பதினைந்து ரூபாய்.